அரைப் பேர்

பீடோரில் அவன் முதலில் விழுந்தான்.
பிறகுதான் எழுந்தான்.
சுருள்கள் வந்த வரிசை அப்படி.

ஜப்பான்காரன் போன பிறகு
ஈப்போ கிடங்கில் மிஞ்சிய தகரப் பெட்டிகளைக்
கைக்கு அகப்பட்டபடி அனுப்பினார்கள்.
மெயில் வண்டியிலிருந்து படம் இறங்கும்,
ரப்பர் ஷீட்டு ஏறும்.
எந்தப் படம் முந்தி, எது பிந்தி என்று
தவ்கே லோ கேட்டதில்லை.
"எல்லாம் வெள்ளைக்காரி ஆடுறதுதானே."

நான் சுருள் திருப்புகிறவன்.
இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.
படம் எடுத்தவன் பெயர் எனக்கு ஒரு வடிவம்:
மங்கின் வாய்போல வட்டத்தில் தொடங்கும்,
கவட்டைக் கம்பில் முடியும்.
ஓக்லி என்றாள் தவ்கே மகள் சியூ லான்.
ஆஸ்பத்திரி டிரஸர் தேவசகாயம் ஓக்லே என்றார்.
இருவருக்கும் அதில் ஒரு வாரம் பேச்சில்லை.

முதலில் வந்த படத்தில்
பதினாலு பெயர்களுக்கு அடியில் கிடந்தான்.
பாட்டுக்காரி நாற்காலியை விட்டு எழவே இல்லை.
காமிரா கடன் கொடுத்தவன்போல
அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.
தண்டல் சடையப்பன் குறட்டை விட்டார்.
பாட்டைவிட அதில் தாளம் இருந்தது.

அடுத்ததில் இன்னொரு பெயரோடு பாதி இடம்.
படமும் பாதிப் பாதி:
ஒருவனுக்குப் படிக்கட்டு பிடிக்கும்,
ஒருவனுக்கு மழை.
நனைந்த படிகளில் ஒருத்தி வழுக்குகிறாள்.
அதை வெட்டாமல் விட்டது எவனோ,
இவனாகத்தான் இருக்கும்.

பிறகு, ஊரடங்குக்கு முந்திய சனிக்கிழமை,
திரை முழுக்க ஒரே பெயர்.
மங்கு ஒரு குளம், கவட்டை ஒரு மரம்.
காமிரா கூரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.
கீழே அறுபது பெண்கள்
வட்டமாய் விரிந்து, கலைந்து,
நிரை நிரையாய்த் திரும்பி நின்றார்கள்.
ஒன்றரை வெள்ளி நாற்காலிகள் கைதட்டின.
முன்னால் பலகை வரிசையில்
வெட்டுக்காரி பொற்கிளி உரக்கச் சொன்னாள்:
"ஏ, பெரட்டு!
அறுபதுல ஒருத்தியும் லேட்டு இல்ல பாரு.
இவளுகளுக்குப் பேர் போட்டாச்சா?"
கொட்டகையே சிரித்தது.
நான் சிரிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
ஆனால் அந்தச் சுருளைத் திருப்பும்போது
பூ மூடிக்கொண்டு
பெண்கள் பெண்களாய் ஆனார்கள்.
மூன்றாம் நிரையில் ஒருத்தி
காலை மாற்றி வைத்திருந்தாள்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியாக வந்தது அவன் முதல் படம்.
பேச்சு புதிதாய் வந்த காலத்தது.
காமிராவின் இரைச்சல் பாட்டில் விழக் கூடாதென்று
அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தார்களாம்,
டிரஸர் சொன்னார்.
அதனால் ஆடுகிறவர்களுக்குப் பாதம் இல்லை,
ஓரத்தில் நின்றவளுக்குத் தோள் இல்லை.
அவன் பெயர் எறும்பு அளவு, நடனத்துக்கு மட்டும்.
அரைப் பேர்.
ஐந்தாம் சுருளின் நடுவே
படம் ஒரு விரற்கடை சாய்கிறது.
யாரோ பெட்டியைத் தோளால் தள்ளியிருக்கிறார்கள்.
என் பெட்டியும் தகரம்தான், கார்பன் சூடு,
இரண்டு சதுர ஓட்டை.
தோள் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

திங்கட்கிழமை சியூ லான் பேப்பர் கொண்டுவந்தாள்.
குதிரைப் பந்தய முடிவுக்குக் கீழே மூன்று வரி:
ஓக்லி, வாடகை அறையில், அறுபத்தொரு வயது,
சில இசைப்படங்கள் எடுத்தவர்.

எப்படிச் செத்தான்?
இங்கே அவனுக்கு
நேற்றுத்தானே வேலை கிடைத்தது.

பகல் வண்டிக்குப் பெட்டிகள் போக வேண்டும்.
நாலு சுருளைத் திருப்பினேன்.
ஐந்தாவதை
முடிவு வெளியே தெரிய
அப்படியே மூடி அனுப்பினேன்.

ஈப்போவிலிருந்து அபராதம் வந்தது, ஐம்பது காசு.
தவ்கே சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.